பிஜிஏ டூரும் லிவ் கோல்ஃபும்: தடை விதித்தவர்கள் ஓராண்டுக்குள் ஏன் கைகுலுக்கினார்கள்?

கேள்வி
எழுதியவர்: நெல்லை ரசிகன்

அனைவருக்கும் வணக்கம். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். கோல்ஃப் எனக்குப் புதிது. 2024 ஜூன் மாதம் பைன்ஹர்ஸ்டில் நடந்த அமெரிக்க ஓபன் போட்டியின் கடைசி நாள் ஆட்டத்தைப் பார்த்த பிறகே அதில் ஆர்வம் பிறந்தது. ரோரி மெக்கில்ராய் 16ஆவது குழியிலும் 18ஆவது குழியிலும் நான்கடிக்கும் குறைவான தூரத்தில் இருந்த பந்தைக் குழிக்குள் தள்ள முடியாமல் தவறவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த பிரைசன் டிஷாம்போ கடைசிக் குழியில் ஏறக்குறைய 55 கஜத் தொலைவில் மணற்பள்ளத்தில் சிக்கிய பந்தைக் கொடிக்கு அருகே கொண்டுவந்து நிறுத்தி, ஒரே அடி வித்தியாசத்தில் கோப்பையை வென்றார்.

பிறகு படித்துப் பார்த்தபோதுதான், டிஷாம்போ சவுதி அரசின் நிதியத்தினுடைய பணத்தில் தொடங்கிய லிவ் கோல்ஃப் தொடரில் ஆடுபவர் என்பதும், அதில் சேர்ந்தவர்களை, அமெரிக்காவின் தொழில்முறைச் சுற்றுப்போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் இடைநீக்கம் செய்திருக்கிறது என்பதும் தெரிந்தது. தடை பெற்றவர் அமெரிக்காவின் மிகப் பெரிய போட்டியில் எப்படி ஆட முடிகிறது? 2022இல் கொள்கை பேசித் தடை விதித்த டூர் நிர்வாகம், 2023 ஜூனில் அதே சவுதி நிதியத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டதற்குக் காரணம் என்ன? 1977இல் ஆட்டக்காரர்களை இழுத்துத் தனி கிரிக்கெட் தொடர் நடத்திய ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி அதிபர் கெர்ரி பேக்கர் விவகாரத்தையும், வாரியத்துக்கு வெளியே நடந்த நம் நாட்டு ஐசிஎல் (இந்தியன் கிரிக்கெட் லீக்) தொடரையும் அறிந்தவன் என்ற முறையில், இதுவும் அதே கதைதானா என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி
எழுதியவர்: புல்வெளி

உங்கள் முதல் கேள்வியில்தான் விவகாரத்தின் முடிச்சு இருக்கிறது. பைன்ஹர்ஸ்ட் போட்டி பிஜிஏ டூருக்குச் சொந்தமானது அன்று. கோல்ஃபில் ஓர் ஆட்டக்காரரின் பெயரை நிலைநிறுத்துபவை நான்கு மேஜர் போட்டிகள். மாஸ்டர்ஸை அகஸ்டா நேஷனல் கிளப்பும், பிஜிஏ சாம்பியன்ஷிப்பை அமெரிக்க பிஜிஏ சங்கமும், அமெரிக்க ஓபனை அமெரிக்க கோல்ஃப் சங்கமும், பிரிட்டனில் நடக்கும் ஓபனை ஆர் அண்ட் ஏ அமைப்பும் நடத்துகின்றன. இந்த நால்வருள் எவரும் லிவ் ஆட்டக்காரர்களை ஒட்டுமொத்தமாக விலக்கவில்லை. டூர் தன் வீட்டுக் கதவைச் சாத்த முடிந்ததே தவிர, ஊரின் பெரிய கோவில்களின் சாவி அதனிடம் இருக்கவில்லை. ஐசிஎல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே இந்திய கிரிக்கெட் வாரியத்தின் பகையைச் சம்பாதித்தவருக்கு ரஞ்சிக் கோப்பையும் இல்லை, தேசிய அணியும் இல்லை. 2007இல் முதல் ஐசிஎல் கோப்பையை வென்ற சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் அணியை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? லிவ்வில் ஆடிய புரூக்ஸ் கெப்கா 2023இல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பையும், டிஷாம்போ மறு ஆண்டு அமெரிக்க ஓபனையும் வென்றதால் லிவ்வை எவராலும் அப்படி மறக்கடிக்க முடியவில்லை.

இந்தப் பழைய டூரே ஒரு காலத்தில் பிரிந்து வந்த கூட்டம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1968இல், தொலைக்காட்சிப் பணம் பெருகத் தொடங்கிய வேளையில், சுற்றுப்போட்டிகளில் ஆடுபவர்கள், கிளப்புகளில் பயிற்சி அளிக்கும் தொழில்முறையாளர்கள் நிறைந்த அமெரிக்க பிஜிஏ சங்கத்தோடு முரண்பட்டுத் தனி அமைப்புத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஏற்பட்ட சமரசத்தில் பிறந்த தன்னாட்சிப் பிரிவே பின்னாளில் பிஜிஏ டூர் ஆயிற்று. ஆட்டக்காரர்கள் அதற்குச் சம்பளக்காரர்கள் அல்லர். சொந்தச் செலவில் வந்து, ஆடிச் சம்பாதிப்பவர்கள். ஆனால் உறுப்பினரான ஒருவர், டூர் போட்டி நடக்கும் அதே வாரத்தில் வேறிடத்தில் ஆட வேண்டுமென்றால் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும். டூரின் முழு பலமும் இந்த அனுமதி விதியிலும், உறுப்பினரின் ஆட்டத்தை வேறு எவரும் ஒளிபரப்ப டூரின் ஒப்புதல் வேண்டும் என்ற ஒளிபரப்பு உரிமை விதியிலும்தான் அடங்கியிருந்தது. 1994இல் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் கிரெக் நார்மன், ஊடக அதிபர் முர்டோக்கின் ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஆதரவோடு உலகத் தொடர் ஒன்றை அறிவித்தபோது அன்றைய டூர் ஆணையர் டிம் ஃபின்செம் இந்த விதிகளைக் காட்டியே அதை முளையிலேயே கிள்ளினார். 27 ஆண்டுகள் கழித்து அதே நார்மன் லிவ்வின் தலைமைச் செயல் அதிகாரியாகத் திரும்பி வந்தார். இம்முறை அவருக்குப் பின்னால் நின்றது, உடனடி லாபத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம்.

2022 ஜூனில் இலண்டனுக்கு அருகிலுள்ள செஞ்சூரியன் கிளப்பில் நடந்த முதல் போட்டியில் 48 பேர் ஆடினார்கள். வழக்கமான நான்கு நாள்களுக்குப் பதிலாக மூன்று நாள்கள். பாதியில் எவரும் வெளியேற்றப்படுவதில்லை. அனைவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு குழிகளில் தொடங்க வேண்டும் என்பதால் ஆட்டக்காரர்களை இலண்டனின் கறுப்பு டாக்சிகளில் ஏற்றி அந்தந்தக் குழிக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். மொத்தப் பரிசு 2.5 கோடி டாலர். தனிநபர் பிரிவிலும் அணிப் பிரிவிலும் வென்ற சார்ல் ஷ்வார்ட்செல் 47.5 லட்சம் டாலர் பெற்றார். கடைசி இடத்துக்கே 1.2 லட்சம் டாலர் கிடைத்தது. பழைய டூரில் வெள்ளிக்கிழமை மாலை தகுதிக் கோட்டைத் தாண்டாதவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் விமானம் ஏறுவார். முதல் பந்து அடிக்கப்பட்ட சற்று நேரத்திலேயே, அனுமதியின்றி ஆடிய 17 பேரை இடைநீக்கம் செய்வதாக டூர் ஆணையர் ஜே மோனஹன் அறிவித்தார்.

மறுமொழி
எழுதியவர்: வழக்காடி

புல்வெளி அவர்கள் விட்ட இடத்திலிருந்து நீதிமன்றப் பகுதியை மட்டும் சொல்கிறேன். பேக்கர் விவகாரத்தில் 1977 நவம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஸ்லேட், டோனி கிரெய்க் முதலியோர் தொடுத்த வழக்கில், பேக்கரின் ஆட்டக்காரர்களுக்கு விதித்த தடை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற இடையூறு என்று தீர்ப்பளித்தார். ஆகவே கோல்ஃபிலும் ஆட்டக்காரர்களே வெல்வார்கள் என்று பலர் எண்ணியிருந்தார்கள். 2022 ஆகஸ்டில் 11 ஆட்டக்காரர்கள் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் டேலர் கூச் உள்ளிட்ட மூவர், டூரின் ஆண்டிறுதிப் போட்டிகளில் ஆட அனுமதிக்கும் இடைக்கால உத்தரவு கேட்டனர். நீதிபதி பெத் லேப்சன் ஃப்ரீமன் மறுத்துவிட்டார். டூரில் இழக்கப்போவதையும் கணக்கில் கொண்டே லிவ்வோடு பேரம் பேசியிருக்கிறீர்கள், எனவே ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று எதுவும் இல்லை என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். கை நிறைய வாங்கிய பணமே அவர்களின் மனுவைப் பலவீனமாக்கியது என்பது எனக்கு இன்றும் சுவையான முரணாகத் தோன்றுகிறது.

மேலே சொன்னது இடைக்கால மனுவின் கதைதான். மூல வழக்கு நிலுவையில் இருந்தது. இரு தரப்பையும் மேசைக்கு இழுத்து வந்தது ஆவணங்களைக் காட்ட வேண்டிய கட்டாயமே என்பது என் கணிப்பு. 2023 பிப்ரவரியில், நிதியமும் அதன் ஆளுநர் யாசிர் அல்-ருமய்யானும் ஆவணங்களைத் தந்து சாட்சியமும் அளிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. வெளிநாட்டு அரசின் நிதியம் என்பதால் இறையாண்மைப் பாதுகாப்பு உண்டு என்ற வாதம் எடுபடவில்லை. உலகெங்கும் முதலீடு வைத்திருக்கும் ஒரு நிதியம், தன் உள் விவகாரங்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் விரிக்கப்படுவதை விரும்புமா? மறுபுறம் டூரோ வழக்கறிஞர் செலவும் பரிசுத் தொகை உயர்வும் சேர்ந்து கையிருப்பைக் கரைத்துக்கொண்டிருந்த நிலையில், அமெரிக்க நீதித் துறையின் ஏகபோக விசாரணையையும் எதிர்கொண்டிருந்தது. இரு தரப்பின் வணிகத்தையும் ஒன்றாக்குவதற்காக 2023 ஜூன் 6 அன்று அறிவிக்கப்பட்ட கட்டமைப்பு உடன்படிக்கையில் உடனே நிறைவேறிய உறுப்பு, வழக்குகளை இரு தரப்பும் நிரந்தரமாகத் திரும்பப் பெற்றதுதான். ஒருவர் ஆட்டக்காரரை மற்றவர் இழுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் நீதித் துறையின் கேள்விகளுக்குப் பிறகு கைவிடப்பட்டது. எஞ்சியவற்றுக்கு விதித்த கெடு டிசம்பர் 31 அன்று ஒன்றும் நடக்காமலே கடந்துபோயிற்று. அதற்கு முன்பே அந்த மாதத்தில் டூரின் முன்னணி ஆட்டக்காரரான ஜான் ராம் பெருந்தொகைக்கு லிவ்வில் சேர்ந்திருந்தார்.

பேக்கரோடு உள்ள பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. அவருக்கு வேண்டியிருந்தது ஆஸ்திரேலிய கிரிக்கெட்டின் ஒளிபரப்பு உரிமை. 1979இல் அதை அவருடைய சேனல் நைனுக்குக் கொடுத்ததும் சண்டை முடிந்தது. கொடுக்கக்கூடிய ஒன்றைக் கேட்டவரோடு சமரசம் எளிது. சவுதி நிதியம் கேட்டதோ ஆட்டத்தின் நிர்வாக மேசையிலேயே ஓர் இருக்கை.

மறுமொழி
எழுதியவர்: மாற்றுக்கருத்து

இருவரும் விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இது இரண்டு வணிக நிறுவனங்களின் சண்டை மட்டும்தான் என்பது போன்ற தோற்றம் வருகிறது. அதை ஏற்க முடியவில்லை. சவுதி அரசை விமர்சித்த செய்தியாளர் ஜமால் கஷோகி 2018இல் கொல்லப்பட்ட பிறகு, விளையாட்டின் வழியாகத் தன் பெயரைத் துலக்கிக்கொள்ள அந்த அரசு முயல்கிறது என்ற குற்றச்சாட்டுப் பரவலாக எழுந்தது. லிவ்வில் சேர்ந்த மூத்த ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சனே, அவர்களின் மனித உரிமை வரலாறு தெரிந்தும், டூரை வளைப்பதற்குக் கிடைத்த நெம்புகோலாக அவர்களைப் பார்ப்பதாகச் சொல்லி மாட்டிக்கொண்டார். 2022இல் கனடா ஓபன் வாரத்தில் தொலைக்காட்சிப் பேட்டியில், சவுதிக்காரர்கள் பலர் ஈடுபட்ட செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தோரின் குடும்பங்களை நினைவூட்டிப் பேசியவர் மோனஹன். மறு ஆண்டு அதே கனடா ஓபன் வாரத்தில் தம் ஆட்டக்காரர்கள் முன்னால் நின்று உடன்படிக்கையை விளக்க வேண்டியிருந்தபோது, தம்மைப் போலி என்று மக்கள் அழைப்பார்கள் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். டூர் அந்த ஒழுக்கக் காரணத்தை மனப்பூர்வமாகச் சொல்லவில்லை என்பதற்காக அந்தக் காரணமே பொய்யாகிவிடாது. அந்தக் குடும்பங்களின் துயரத்தைக் கேடயமாகப் பயன்படுத்திவிட்டு, வேலை முடிந்ததும் கீழே வைத்ததுதான் இந்தக் கதையில் மிக அசிங்கமான பகுதி.

மறுமொழி
எழுதியவர்: நெல்லை ரசிகன்

மூவருக்கும் நன்றி. இன்னும் ஓர் ஐயம். ஆட்டக்காரர்களின் நிலை என்ன? நம் நாட்டின் அனிர்பன் லாஹிரி லிவ்வில் ஆடுகிறார் என்று படித்தேன். அவரைப் போன்றவர்களுக்கு இதனால் நன்மையா, இழப்பா?

மறுமொழி
எழுதியவர்: புல்வெளி

மாற்றுக்கருத்து அவர்கள் சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

லாஹிரி 2022 மார்ச்சில் டூரின் முதன்மைப் போட்டியான பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் கேமரன் ஸ்மித்துக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்று, தம் வாழ்வின் மிகப் பெரிய பரிசாக ஏறக்குறைய 21.8 லட்சம் டாலர் ஈட்டினார். அந்த ஸ்மித் ஜூலையில் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓபனை வென்ற கையோடு லிவ்வுக்குப் போனார். லாஹிரியும் அதே வேளையில் போனார். போன முதல் போட்டியிலேயே, பாஸ்டனில், வெற்றியைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டம் வரை வந்துவிட்டார். டஸ்டின் ஜான்சன் நெடுந்தொலைவிலிருந்து தட்டிய பந்து வேகமாக ஓடி, குழியின் பின்விளிம்பில் மோதி எழும்பி, உள்ளே விழுந்தது.  பணத்தைப் பொறுத்தவரை லாஹிரிக்குக் குறையொன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில் வந்தது. லிவ் போட்டிகளுக்கு உலகத் தரவரிசைப் புள்ளி கிடையாது என்று 2023 அக்டோபரில் தரவரிசை அமைப்பு முடிவு செய்தது. மேஜர்களில் நுழைய அந்தத் தரவரிசையே பெரும்பாலோருக்கு வழி. முன்பே மேஜர் வென்ற கெப்காவுக்கும் டிஷாம்போவுக்கும் சில ஆண்டுகள் நுழைவுரிமை உண்டு. ஒன்றும் வெல்லாதவர் மாதந்தோறும் கீழே சரிந்துகொண்டே போனார். மேலே குறிப்பிடப்பட்ட டேலர் கூச்சைப் பாருங்கள். 2023இல் லிவ்வில் மூன்று போட்டிகளை வென்று அந்த ஆண்டின் தனிநபர் பட்டத்தையும் 1.8 கோடி டாலர் ஊக்கத் தொகையையும் பெற்றவர், அதே ஆண்டு அமெரிக்க ஓபனில் நுழைய முடியவில்லை. முந்தைய ஆண்டு அவர் பெற்ற டூர் இடத்தைக் கொண்டு நுழைந்திருக்கலாம்; தகுதி விதியின் வாசகத்தை அமெரிக்க கோல்ஃப் சங்கம் சற்று மாற்றியமைத்ததில் அந்த வழியும் அடைபட்டது.

டூரிலேயே தங்கிய முன்னணி ஆட்டக்காரர்கள், லிவ்வின் பெயரைச் சொல்லியே நன்றாகச் சம்பாதித்தார்கள் என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 2 கோடி டாலர் பரிசுள்ள, 70, 80 பேர் மட்டும் ஆடும் சிறப்புப் போட்டிகள் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் லிவ்வைப் போலவே பாதியில் வெளியேற்றம் இல்லை. 2024 ஜனவரியில் அமெரிக்க விளையாட்டு அணி உரிமையாளர்கள் சேர்ந்த ஸ்ட்ராடஜிக் ஸ்போர்ட்ஸ் குரூப் என்ற கூட்டமைப்பு முதற்கட்டமாக 150 கோடி டாலரை டூரின் புதிய வணிக நிறுவனத்தில் போட்டது. ஆட்டக்காரர்களுக்கும் அதில் பங்குகள் ஒதுக்கப்பட்டன. அந்தச் செலவின் சுமை நடுத்தர வரிசையில் இருப்பவர் தலையில் விழுந்தது. 2026 முதல் டூரில் ஆடுவதற்கான முழு உரிமை அட்டை பெறுவோர் எண்ணிக்கை 125இலிருந்து 100ஆகக் குறைக்கப்பட்டது. 110ஆவது இடத்தில் முடிக்கும் ஒருவர் லிவ்விலிருந்து ஒரு காசும் வாங்கியிருக்க மாட்டார்; ஆனாலும் முன்பு இருந்த முழு உரிமை இப்போது அவருக்கு இல்லை.

உங்கள் ஐசிஎல் ஒப்பீடு கடைசியில் ஓரிடத்தில் பொருந்துகிறது. 2009இல் இந்திய கிரிக்கெட் வாரியம் பொது மன்னிப்பு அளித்தபோது அம்பத்தி ராயுடு போன்றோர் திரும்பி வந்தார்கள். கோல்ஃபில் 2025 டிசம்பரில் கெப்கா லிவ்வை விட்டு விலகினார். அடுத்த மாதமே டூர் ஒரு திரும்பும் வழியை அறிவித்தது. ஆனால் 2022 முதல் 2025 வரை மேஜரோ பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்போ வென்றவர்களுக்கு மட்டுமே அந்த வழி. கெப்கா 50 லட்சம் டாலரை அறப்பணிக்குக் கொடுக்க வேண்டும், ஐந்தாண்டுகளுக்குப் பங்கு ஒதுக்கீடு கிடையாது என்ற நிபந்தனைகளை ஏற்று உள்ளே வந்தார். அந்தப் பட்டியலில் கூச்சுக்கும் இடமில்லை, லாஹிரிக்கும் இடமில்லை.