மனம் திருந்திய கொலைகாரனை மன்னிக்க முடியுமா?

பாம்பன்காரன்:
கம்போடியாவில் 1970களில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் ஆட்சியின்போது எஸ்-21 சிறையை நடத்திய டூச் பற்றிப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அந்தச் சிறையில் அடைத்து 12,000 பேருக்கு மேல் கொன்றிருக்கிறார்கள். ஆட்சி கவிழ்ந்த பிறகு வேறு பெயரில் வாழ்ந்து, கிறிஸ்தவனாக மாறி, 1999இல் பிடிபட்டபோது செய்ததை ஒப்புக்கொண்டான். 2009இல் விசாரணையின்போது மன்னிப்பும் கேட்டான். அவன் திருந்தியது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்டவனுக்கு மன்னிப்பு உண்டா?

சேதுக்கரை:
நம்ம கோயில் கதையே அதுதானே தம்பி. ராவணனைக் கொன்ற பிரம்மஹத்தி தோஷம் தீர ராமரே ராமேஸ்வரத்தில் லிங்கம் வைத்துப் பூஜை செய்தார். 22 தீர்த்தத்திலும் நனைந்து நிற்கிற ஜனங்கள் எந்த நம்பிக்கையில் வருகிறார்கள்? மனசார வருந்தினால் கடவுளே மன்னிக்கும்போது, நாம் மாட்டேன் என்பது சரியா?

மண்டபம் அக்கா:
ஐயா, கடவுள் மன்னிப்பதை நான் தடுக்கவில்லை. அது அவருக்கும் அவனுக்கும் உள்ள கணக்கு. எங்கள் வீட்டுக் கணக்கு வேறு.

1990இல் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து படகேறி மண்டபம் அகதி முகாமுக்கு வந்த குடும்பம் நாங்கள். வருகிற வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அண்ணாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆடி அமாவாசைக்கு ஊரே அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் கொடுக்கும்போது, என் தம்பியை அம்மா போக விடமாட்டா. கொடுத்தால் அண்ணா செத்தவன் ஆகிவிடுவான் என்று பயம். அம்மா கண்ணை மூடும்வரை அப்படித்தான்.

அதனால் ஒருவன் அழுகிறானா என்று நான் பார்ப்பதில்லை. என்ன சொல்கிறான் என்றுதான் பார்க்கிறேன். யாழ்ப்பாணத்துப் பள்ளி மாணவி கிருசாந்தி குமாரசாமி கொலை வழக்கில் 1998இல் தண்டனை பெற்ற இலங்கை ராணுவச் சிப்பாய் ஒருவன், யாழ்ப்பாணம் பக்கத்துச் செம்மணியில் 300, 400 பேரைப் புதைத்திருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னான். அடுத்த ஆண்டு தோண்டி 15 பேரின் எலும்புகளை எடுத்தார்கள். வருந்திச் சொன்னானா, மற்றவர்களும் மாட்டட்டும் என்று சொன்னானா, எனக்கு அது முக்கியமில்லை. பிள்ளையைத் தேடி அலைந்தவர்களுக்குத் தோண்டிப் பார்க்க ஓர் இடமாவது தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசின் கொலைப்படையை நடத்திய யூஜின் டி காக்கும் சிறையில் இருந்தபடியே காணாமல் போனவர்களின் உடல்களைத் தேட உதவினான். 2015இல் அவனைப் பரோலில் விட்டபோது சிலர் கொதித்தார்கள். அந்தக் கோபமும் நியாயம்தான்.

டூச்சும் நிறையச் சொன்னான். ஆனால் விசாரணையின் கடைசி நாளில், என்னை விடுதலை செய்யுங்கள் என்று கேட்டானே, அங்கேதான் எனக்கு அவன்மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது. அத்தனை வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவன் எப்படி ஐயா வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்பான்? 2012இல் மேல்முறையீட்டில் அவனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். 2020இல் இறந்தான்.

பாம்பன்காரன்:
அக்கா, கேட்கத் தயக்கமாக இருக்கிறது. அண்ணனைக் கூட்டிப்போனவர்களில் ஒருவன் வந்து எல்லாவற்றையும் சொன்னால்?

மண்டபம் அக்கா:
கேட்டதில் தப்பில்லை தம்பி. எந்த இடம், எந்த நாள் என்று முதலில் சொல்லட்டும். என் தம்பி போய்த் திதி கொடுக்கட்டும். சட்டம் கொடுக்கும் தண்டனையை அவன் அனுபவிக்கட்டும். மன்னிப்பதா இல்லையா என்று அப்புறம் நான் யோசிக்கிறேன். அண்ணாவுக்குப் பதிலாக நான் மன்னிக்க முடியாது. எனக்கும் அம்மாவுக்கும் செய்ததை வேண்டுமானால் மன்னிக்கலாம். அதற்கு எத்தனை வருசம் ஆனாலும் அவன் என்னை அவசரப்படுத்தக் கூடாது.