விடுதி மெஸ் கழிவு: உரம் போட்டுப் பழக்கமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் பல்கலைக்கழக விடுதியில் மிஞ்சும் சாப்பாட்டை உரமாக்கத் தொட்டி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் சாம்பார், ரசத்தோடு சோற்றை அப்படியே கொட்டுவதால் அடியில் தண்ணீர் தேங்கி, புழு நெளிந்து, பக்கத்தில் போக முடியாத நாற்றம். கார்பன், நைட்ரஜன் விகிதம் 30:1-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்குக் கார்பன் அதிகமுள்ள காய்ந்த சருகு சேர்க்கணும் என்பது தெரியும். வளாகம் முழுக்கச் சருகுதான், ஆனால் அதைக் கூட்டிக் கொளுத்திவிடுகிறார்கள் (கேட்டால் சிரிக்கிறார்கள்).

2016 திடக்கழிவு விதிகளே குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லியிருந்தன, இங்கே மூன்று நிறத்தில் தொட்டி வைத்ததோடு சரி, கடைசியில் எல்லாம் ஒரே வண்டியில்தான் ஏறுகிறது.

சாம்பார் தண்ணீரை எப்படி வடிக்கிறீர்கள்? சருகுக்குப் பதில் தென்னை நார்க்கழிவு போடலாமா? இவ்வளவு ஈரத்துக்குச் சாண எரிவாயுக் கலன் மாதிரி ஏதாவது வைப்பதே மேலா? அப்புறம், பால் கவரைப் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்கிறார்கள், சிப்ஸ் பாக்கெட்டை யாருமே தொடுவதில்லை. அதை வாங்குகிற இடம் தெரிந்தால் கமெண்டில் போடுங்கள், வார்டனிடம் பேச நான் தயார்.