மறு: ‘ப்ரூஃப் மார்க்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

பழைய ஐரோப்பிய வேட்டைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அதைச் செய்தவர் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி? இதைப் பற்றிய ஒரு நீண்ட கட்டுரையை மொழிபெயர்த்து முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பதிப்பாளருக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: ப்ரூஃப் மார்க்.

ஜெர்மனியில் 1891இல் ஒரு சட்டம் போட்டார்கள். 1893 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. துப்பாக்கி விற்பனைக்குப் போகும் முன் அரசின் சோதனைச்சாலைக்குப் போக வேண்டும். அங்கே வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் வெடிக்காமல், வீங்காமல் தாங்கினால் அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன அடையாளங்களைக் குத்தி அனுப்புவார்கள். இவைதான் ப்ரூஃப் மார்க். கிரீடமும் அதன் கீழ் ‘யூ’வும் இருந்தால் பார்வையிட்டாயிற்று என்று பொருள். ‘ஜி’ என்றால் உள்ளே புரி வெட்டிய குழல். ‘டபிள்யூ’ என்றால் வாய்ப்பக்கம் குறுக்கிய குழல்.

சிக்கல் என்னவென்றால், பார்ப்பவர்கள் இவற்றையே செய்தவர் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். பெல்ஜியத்து லியேஜ் நகரத் துப்பாக்கிகளில் நீள்வட்டத்துக்குள் ‘ஈ.எல்.ஜி.’ என்று இருக்கும். அது கம்பெனி இல்லை, அந்த ஊர்ச் சோதனைச்சாலையின் அடையாளம். குழலில் ‘க்ருப்’ என்று கண்டதும் க்ருப் செய்த துப்பாக்கி என்று துள்ளுகிறார்கள். க்ருப் கொடுத்தது எஃகு மட்டும். ‘டி.ஆர்.ஜி.எம்.’ என்பது பதிவு செய்த வடிவமைப்பு என்பதற்கான குறி. அதையும் ஒரு பட்டறைக்காரரின் பெயர்ச்சுருக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு.

நான் எல்லாவற்றுக்கும் ‘முத்திரை’ என்றே போட்டிருந்தேன். திரும்பப் படித்தபோது எனக்கே புரியவில்லை. ‘சோதனை முத்திரை’ என்றால் சப்பென்று இருக்கிறது. கை கொடுங்கள்.

– செ.

* * *

அன்புடையீர்,

முத்திரை வடசொல். அதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை, நம்மிடம் ‘பொறி’ இருக்கிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? ‘புலி பொறித்துப் புறம் போக்கி’. அரசின் ஆள் பண்டத்தின்மேல் அரசின் அடையாளத்தை இட்டு வெளியே விடுகிறான். உங்கள் ஜெர்மன்காரன் செய்வதும் அதே வேலைதான். புலிக்குப் பதில் கிரீடம்.

சிலம்பில் இந்திரவிழவூரெடுத்த காதையைப் பாருங்கள். பண்டப் பொதிகளின்மேல் ‘தம்பெயர் பொறித்த கண்ணெழுத்து’. அது சரக்குக்கு உரியவன் இட்டது. ஆக, அரசு இடுவது காப்புப்பொறி, செய்தவன் இடுவது கண்ணெழுத்து. நீங்கள் தவிக்கும் வேறுபாட்டை நம் முன்னோர் எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார்கள்.

புரி வெட்டிய குழலுக்குப் புரிகுழல் என்றே சொல்லலாம். போகிற போக்கில் இன்னொன்று: துப்பாக்கியைப் பிறமொழிச் சொல் என்று இங்கே யாரும் கிளம்பிவிட வேண்டாம். துப்பு என்றால் வலிமை. துப்பை ஆக்குவது துப்பாக்கி. குறளிலேயே இருக்கிறது.

– பேரா. ம.

* * *

ஐயா,

குறளில் இருக்கும் துப்பாக்கி மழையைப் பற்றியது. உணவை ஆக்கி என்று பொருள். நம் கையில் இருக்கும் துப்பாக்கி துருக்கிக்காரன் வழியில் வந்தது. இதை இதே குழுவில் எத்தனை முறைதான் பேசுவது!

புரிகுழல் என்று படித்தால் எனக்குப் பின்னிய கூந்தல்தான் தெரிகிறது. வேட்டைக்காரன் புரிகுழலைத் துடைத்து எண்ணெய் போட்டான் என்று எழுதினால் வாசகர் வேறெங்கோ போய்விடுவார்.

என் கருத்து: நகைக்கடையில் ஹால்மார்க் பார்க்காத தமிழர் இல்லை. ‘துப்பாக்கி ஹால்மார்க்’ என்று ஒரு முறை விளக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

– இ.

* * *

கோவையிலிருந்து வே. எழுதுகிறேன். முப்பது வருடமாக லேத் பட்டறை.

துப்பாக்கியைப் பற்றிய கட்டுரையில் பொறி என்று போட்டால் தீப்பொறி என்பான், இல்லை உள்ளே இருக்கும் விசை என்பான். பேராசிரியர் ஐயா மன்னிக்கணும், அந்தச் சொல் இந்த இடத்தில் வேலை செய்யாது. பட்டறையில் நாங்கள் ‘பஞ்ச் அடிக்கிறது’, ‘நம்பர் குத்துறது’ என்போம். உள்ளே வெட்டுவதை ‘மரை’ என்போம். ஆனால் துப்பாக்கிக் குழலில் இருப்பது நீளமாக மெல்லத் திரும்பிப் போகும் வெட்டு, திருகாணி மரை மாதிரி நெருக்கம் கிடையாது. அதற்குப் புரி சரிதான்.

செ. அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலக் குழல்களில் 172.28 மாதிரி ஓர் எண் குத்தியிருக்கும். அதைத் தொடர் எண் என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் ஒரு பவுண்டுக்கு எத்தனை என்ற கணக்கு அது. போட்டுப் பார்த்தேன், 172.28 என்றால் விட்டம் 7.62 மி.மீ. வருகிறது. செய்தவர் யார் என்று தேடுகிறவருக்கு இந்த எண் ஆளைச் சொல்லாது. ஆனால் துப்பாக்கி எந்தக் காலத்தது என்று மட்டுப்படுத்த உதவும். பிறகு மில்லிமீட்டரில் குத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்னொரு சந்தேகம். ‘செய்நர்’ என்று ஒருமையில் போட்டிருக்கிறீர்களா? உங்கள் கட்டுரையில் வரும் ஜெர்மனியின் துப்பாக்கி ஊரில் குழலை ஒருவர் செய்வார், பூட்டை, அதாவது சுடும் விசையை, வேறொருவர் அராவுவார், கட்டை ஒருவர், செதுக்கு வேலை ஒருவர். மேலே பொன்னெழுத்தில் மின்னும் பெயர் பெர்லின் கடைக்காரருடையதாகக்கூட இருக்கலாம். குழலின் அடியில், கட்டையைக் கழற்றினால்தான் தெரியும் இடத்தில், குழல்காரரின் இரண்டெழுத்து இருக்கும். இதில் யாரைச் செய்நர் என்பது?

* * *

வணக்கம்.

எங்கள் பக்கம் முத்திரை என்றால் கடிதத்தில் ஒட்டுவது. ‘துப்பாக்கியின் அடியில் முத்திரை’ என்று வாசித்தால் யாழ்ப்பாணத்தில் ஒருவர் தபாலில் வந்த துவக்கு என்று நினைக்கக்கூடும். மெய்ப்பு என்றும் போட வேண்டாம், அது அச்சகக்காரர் எடுத்துக்கொண்ட சொல்.

ஜெர்மன் மொழியில் இதற்குச் சொல்லும் ‘பெஷுஸ்’ சுடுவதிலிருந்து வந்தது. அதை வைத்து சுடுதேர்வு என்றால் என்ன? கண்ணெழுத்து அருமையான சொல், அதை விடாதீர்கள்.

– நா., ரொறன்ரோ

* * *

சுடுதேர்வு வினைத்தொகை என்றால் சுட்ட, சுடுகின்ற, சுடும் தேர்வு என்று விரியும். தேர்வா சுடுகிறது?

– பேரா. ம.

* * *

சுடுகாட்டில் காடா ஐயா சுடுகிறது?

– இ.

* * *

சுடுகாட்டை நினைவூட்டும் சொல்லை வேட்டைத் துப்பாக்கிக்கு வைப்பது பொருத்தம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ‘சுட்டுத்தேர்வு’ என்றாவது ஒற்று மிகுத்து எழுதினால் இலக்கணம் பிழைக்கும்.

– பேரா. ம.

* * *

சுட்டு என்றதும் பள்ளிப் பிள்ளைகள் அ, இ, உ என்று எழுதிவிடுவார்கள். எனக்கு இன்னும் ஹால்மார்க்தான்.

– இ.

* * *

நண்பர்களே, நடுவில் ஒரு கேள்வி. கட்டுரையில் அடிக்கடி வரும் அந்தத் துப்பாக்கி ஊர், ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் இருப்பது, அதன் பெயரை ‘ஸூல்’ என்று எழுதியிருக்கிறேன். சாவர், ஹேனல், மெர்கெல் என்ற துப்பாக்கிக் கம்பெனிகள் எல்லாம் தொடங்கியது அந்த ஊரில்தான். பதிப்பாளர் கிரந்தம் வேண்டாம், ‘சூல்’ என்று மாற்றுங்கள் என்கிறார்.

– செ.

* * *

சூல் கொண்ட துப்பாக்கி. தாராளமாக மாற்றுங்கள்.

– வே.

* * *

ஊர்ப்பெயரை நம் ஒலிமரபில் எழுதுவதில் என்ன கேலி? சூல் நகரம் என்று எழுதினால் யாரும் மயங்க மாட்டார்கள். ஓர் எழுத்தை விட்டால் ஓராயிரம் எழுத்து நுழையும்.

– பேரா. ம.

* * *

மட்டுறுத்துநர்: கிரந்த விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே ஏற்கெனவே நானூற்றுச் சொச்சம் மடல்கள் இருக்கின்றன. இங்கே ப்ரூஃப் மார்க் மட்டும். இதுவரை எண்ணியதில் சுடுதேர்வு முத்திரைக்கு நான்கு, காப்புப்பொறிக்கு இரண்டு, ஹால்மார்க்குக்கு ஒன்று. சோதனைக்குத்து என்று தனிமடலில் ஒருவர் அனுப்பியிருக்கிறார், பெயர் சொல்ல விரும்பவில்லை. கோவைப் பக்கம் என்று மட்டும் சொல்லலாம்.

* * *

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை கோப்பை அனுப்பிவிட்டேன்.

அரசு குத்துவதற்குச் ‘சுடுதேர்வு முத்திரை’ என்று போட்டேன். நா. சொன்னதற்காக, முதல் முறை வரும் இடத்தில் ‘உலோகத்தில் குத்திய அடையாளம்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பட்டறைக்காரர்கள் தங்கள் பெயரைக் குத்துவதற்குக் கண்ணெழுத்து. ஐயாவின் அந்தச் சொல் அப்படியே உட்கார்ந்துகொண்டது. ‘செய்நர்’ எல்லா இடத்திலும் ‘செய்தவர்கள்’ ஆகிவிட்டது. தலைப்பில் மட்டும் ஒருமை, பதிப்பாளர் விடவில்லை. க்ருப் பெயர் வரும் இடத்தில் வெறுமனே ‘எஃகு தந்தவர் பெயர்’. எல்லாவற்றுக்கும் கலைச்சொல் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. ஊர் சூல் ஆகிவிட்டது.

வே. அண்ணா, 172.28ஐத் தொடர் எண் என்றுதான் எழுதியிருந்தேன். மூன்று இடத்தில். திருத்திவிட்டேன்.

– செ.

* * *

சூல் குறித்து மகிழ்ச்சி. சுடுதேர்வு முத்திரையில் எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பில் காப்புப்பொறி என்று மாற்றலாம்.

– பேரா. ம.

* * *

ஐயா, மாற்றுவதற்கு முன் காப்பு என்றால் வளையல் என்பதையும் யாராவது பதிவு செய்துவிடுங்கள்.

– இ.