மறு: போர்ட் வகை வைனுக்குத் தமிழில் என்ன சொல்?

> 'செறிவூட்டிய வைன்' என்றே வைத்துக்கொள்ளலாமே, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்தானே?

ஐயா, போர்ட் என்பது போர்ச்சுகலில் சாராயம் சேர்த்துச் செய்யும் இனிப்பு வைன்; ஆங்கிலத்தில் இந்த வகையை 'fortified wine' என்பார்கள். 'செறிவூட்டிய' என்ற சொல் புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி வாங்கியிருக்கிறோம். அதில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-உம் இருக்கின்றன. அதே சொல்லைப் போர்ட்டுக்கும் போட்டால் டாக்டர் எழுதிக்கொடுத்த டானிக் என்று நினைத்துவிடுவார்கள்.

> சரி, 'வலுவூட்டிய வைன்'?

தவறில்லை. ஆனால் வலு மட்டும்தான் தெரிகிறது. இனிப்பு எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை. சர்க்கரை கொட்டிக் கலக்குகிறார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்கில் நடப்பது வேறு. மிதித்துப் பிழிந்த திராட்சைச் சாறு இரண்டு மூன்று நாள் நொதிக்கும். ஏறக்குறைய பாதிச் சர்க்கரை மீதமிருக்கும்போதே 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றுகிறார்கள். நாலு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு என்ற கணக்கு. ஈஸ்ட் செத்துப்போகிறது, நொதித்தல் அங்கேயே நின்றுவிடுகிறது. லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். ஆல்கஹால் 20 சதவீதத்தைத் தொடும். பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேலையை 'ஊமையாக்குதல்' என்ற பொருளில் சொல்கிறார்கள். பொங்கிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த தொட்டி சட்டென்று வாய் மூடிக்கொள்கிறதல்லவா!

ஸ்பெயினின் ஷெர்ரி வைனில் கதை தலைகீழ். சாறு முழுக்க நொதித்து, சர்க்கரை தீர்ந்தபிறகுதான் சாராயம் சேரும். அதனால்தான் ஃபினோ ஷெர்ரியில் இனிப்பே இருக்காது. (வெயிலில் உலர்த்திய பழத்தில் செய்யும் பெட்ரோ ஹிமெனெஸ் கரும்பாகு போல இனிக்கும், அது தனி வகை.) இரண்டையும் 'வலுவூட்டிய' என்று ஒரே பையில் போட்டால், இனிப்பு வேண்டுமென்று ஃபினோ வாங்கியவர் முகம் சுளிப்பார்.

> சங்கச் சொல் 'தேறல்' இருக்கிறதே?

புறநானூறு 56-இல் யவனர் கொண்டுவந்த தேறல் வருகிறது, எனக்கும் ஆசைதான். ஆனால் தேறல் என்றால் தெளிந்த மது. விண்டேஜ் போர்ட் (ஒரே ஆண்டின் அறுவடையில் செய்து புட்டியில் முதிரவிடும் வகை) அடியில் வண்டல் தங்கிய புட்டியாகத்தான் கைக்கு வரும். ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, மெதுவாகச் சாய்த்து, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். இந்தச் செயலுக்கு நம்மிடம் 'இறுத்தல்' என்ற நல்ல சொல் இருக்கிறது. அதை இங்கே எடுத்துக்கொள்வோம்.

என் பரிந்துரை: பொதுச்சொல் 'சாராயம் சேர்த்த வைன்'. அதற்குள் போர்ட் போன்றவை 'இடைச்சேர்ப்பு', ஷெர்ரி போன்றவை 'கடைச்சேர்ப்பு'. கடை என்றதும் மதுக்கடைதான் நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லத்தான் போகிறீர்கள், பரவாயில்லை. சாராயம் என்றால் கள்ளச்சாராயம் என்ற முகச்சுளிப்பும் தெரிந்ததே. ஆனாலும் வடித்தெடுத்த மதுவுக்கு அதைவிட நேரான சொல் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து போர்ட்டுக்குள் ரூபி, டானி என்ற பிரிவு. ரூபி பெரிய தொட்டிகளில் கொஞ்சகாலமே இருப்பதால் சிவப்பும் பழச்சுவையும் குறையாது. டானி சிறிய மரப்பீப்பாயில் காற்றுபட்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சிவப்பு வெளுத்துப் பழுப்பாகும். வாசனை வால்நட்டுக்கும் உலர் அத்திக்கும் போய்விடும். லேபிளில் 10, 20, 30, 40 ஆண்டு என்றெல்லாம் போடுவது பெரும்பாலும் டானிக்குத்தான். கொஞ்சம் குளிரவைத்துச் சின்னக் கண்ணாடிக் கோப்பையில் குடிக்க வேண்டிய சரக்கு. திறந்த புட்டி சில வாரம் தாங்கும். விண்டேஜ் அப்படியில்லை. இரண்டு மூன்று ஆண்டில் புட்டிக்குப் போய், பிறகு அங்கேயே பல பத்தாண்டு முதிரும். திறந்தால் ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும்.

ஆகவே டானிக்கு 'மரமுதிர்', விண்டேஜுக்குப் 'புட்டிமுதிர்' என்று வைக்கலாமா? ரூபியை ரூபியாகவே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. 'கெம்பு' என்று சொல்ல நினைப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.