ஏழு பேர் ஆட்டத்திலிருந்து லீக்குக்குப் போன கதை

எங்களுடையது இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். சித்திரைக்கு ஒரு கப், தீபாவளிக்கு ஒரு கப், திருவிழா முடிந்த கையோடு இன்னொன்று. எல்லாமே ஏழு பேர் ஆடுகிற கால்பந்து. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எங்களை அடிக்க ஆள் குறைவு. அந்தத் தைரியத்தில்தான் கழகத்தைப் பதிந்து பதினொரு பேர் ஆடுகிற லீக்கில் இறங்கினோம்.

முதல் ஆட்டம் ஹட்டன் டன்பார் மைதானத்தில். மத்தியஸ்தர் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் காலைப் பார்த்தார். சின் கார்ட், அதாவது முழங்காலுக்குக் கீழே கட்டுகிற காப்பு, இல்லாதவர் இறங்க முடியாது என்றார். எங்களில் நாலு பேரிடம் இல்லை. ஒரு தம்பி கடைக்கு ஓடி பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து வந்து சொக்ஸுக்குள் சொருகினான். அவர் தட்டிப் பார்த்துவிட்டு முடியாது என்று தலையை ஆட்டினார். அப்போது எதிரணியில் வெளியே உட்கார்ந்திருந்த நாலு பேர் தங்களுடையதைக் கழற்றி நீட்டினார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாலு பேரையும் நான் இன்னும் மறக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியதும்தான் எங்கள் நிலைமை தெரிந்தது. எங்கள் பக்கத்து ஏழு பேர் ஆட்டத்தில் ஓப்சைட் கிடையாது. கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்று பந்தை எதிர்பார்ப்பது எங்கள் முன்வரிசைத் தம்பிக்குச் சின்ன வயதுப் பழக்கம். இடைவேளைக்குள் ஆறு தடவை லைன்ஸ்மனின் கொடி உயர்ந்தது. ஒவ்வொரு தடவையும் தான் என்ன தப்பு செய்தேன் என்று புரியாமல் எங்களைத் திரும்பிப் பார்த்தான். எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஊரில் பாதிக்குப் பத்து நிமிஷம்தான் ஆடுவோம். இங்கே நாற்பத்தைந்து. மைதானமும் குறைந்தது 90 மீட்டர் நீளம். ஒரு மணித்தியாலம் தாண்டியதும் யாருக்கும் கால் எழும்பவில்லை. 6-0.

தோற்றது பரவாயில்லை. சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஒருநாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், வேன் கூலி வேறு. அடுத்த வாரமே மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நம் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருதடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

நாவலப்பிட்டியிலிருந்து:
அண்ணே, வாசித்ததும் எங்கள் ஊர் ஞாபகம்தான் வந்தது. ஜயதிலக்க மைதானத்தில் மழைக்குள் ஆட்டம் பார்த்து வளர்ந்தவன் நான். வட்டவளைப் பக்கமிருந்து மழை இறங்கினால் பந்து உருளாது, தண்ணீரில் நின்றுவிடும். தரையோடு தட்டி ஆடுகிற டீம் அன்றைக்குத் தோற்கும், தூக்கி அடிக்கிற டீம் ஜெயிக்கும். 2021 இல் நாட்டின் முதல் சூப்பர் லீக் நடந்தபோது பத்துக் கழகங்களில் ஒன்றாக எங்கள் ஊர் அப் கன்ட்ரி லயன்ஸ் இருந்தது. களுத்துறை புளூ ஸ்டார்தான் சாம்பியன். ஆனாலும் கொழும்புக் கழகங்களோடு ஒரே அட்டவணையில் நாவலப்பிட்டிக் கழகத்தைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? சரி, உங்கள் டீமுக்கு அப்புறம் என்ன ஆனது?

நோர்வூட்டிலிருந்து மறுபடியும்:
சொல்கிறேன் தம்பி. டவுனில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார், இளமையில் ஆடியவர். நாங்கள் போய்க் கேட்டதும் காசு எதுவும் பேசாமல் தோட்டத்துக்கு வந்தார். விறகு கட்டுகிற கயிற்றை எடுத்து, பின்வரிசை நாலு பேரின் இடுப்பிலும் இடைவெளி விட்டுக் கட்டினார். ஒருவன் முன்னே போனால் நாலு பேரும் போக வேண்டும், ஒருவன் பின்வாங்கினால் நாலு பேரும் பின்வாங்க வேண்டும். வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் நின்ற பெரியவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். முன்வரிசைத் தம்பியை அந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார். பந்து காலைவிட்டுக் கிளம்புகிற நொடியில் நீ கயிற்றைத் தாண்டியிருக்கக் கூடாது, கிளம்பிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் ஓடு என்றார். அவ்வளவுதான் பாடம். அன்றைக்குத்தான் எங்களுக்கு ஓப்சைட் புரிந்தது. மற்றபடி, வேலை முடிந்து வந்து தேயிலைச் செடி வெட்டிவிட்ட கவ்வாத்து மலையில் ஏறி ஓடினோம்.

அந்தப் பருவத்தில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தோம், அதுவும் டன்பாரில், கடைசி ஆட்டம். பனிமூட்டம் இறங்கி அந்தப் பக்கத்துக் கோல் கம்பம் சரியாகத் தெரியவில்லை. நடுவிலிருந்து பந்து போனது, தம்பி ஓடினான், கோல். அவன் கொண்டாடவே இல்லை. அப்படியே நின்று லைன்ஸ்மனைத்தான் பார்த்தான். கொடி கீழேதான் இருந்தது.