ஒன்றரை வயசு குழந்தைக்கு ரத்தத்துல ஈயம், வீட்ல என்ன பண்ணணும்?

குட்டிமா_அம்மா:
ஹலோ, கொஞ்சம் அவசரம். ரொம்ப பழைய வாடகை வீடு எங்களுது, போன மாசம் ஹவுஸ் ஓனர் அனுப்பின ஆளுங்க ஜன்னல் பெயிண்ட்டை உப்புத்தாள் போட்டு தேய்ச்சுட்டு போனாங்க, வீடு முழுக்க வெள்ளை தூசி. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம்னு சொல்றாங்க. பாப்பா எதை எடுத்தாலும் வாயில தான் வைப்பா. விரல்ல குத்தி எடுத்த டெஸ்ட்ல ஈயம் 9னு (ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல 9 மைக்ரோகிராம்) வந்திருக்கு. ஆனா நல்லா தான் ஓடியாடிட்டு இருக்கா. பயப்படணுமா? ஆன்லைன்ல ஏதோ டீடாக்ஸ் டிராப்ஸ் விக்குறாங்களே, அது குடுக்கலாமா?

லேப்_அக்கா:
அந்த டிராப்ஸ் வேண்டவே வேண்டாம்மா. ஈயத்தை வெளியேத்துற மருந்து டாக்டருங்க குடுப்பாங்க தான், ஆனா அது பொதுவா 45க்கு மேல போனவங்களுக்கு, அதுவும் டாக்டர் கண்காணிப்புல. முதல்ல கைல நரம்புல ரத்தம் எடுத்து மறுபடி டெஸ்ட் பண்ணுங்க, விரல் நுனில தூசி ஒட்டியிருந்தா கூட நம்பர் ஏத்தி காட்டும். அதுக்காக சும்மா விட்றாதீங்க, அமெரிக்காவோட நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2021ல இருந்து 3.5ஐயே கவனிக்க வேண்டிய அளவுனு வச்சிருக்கு. குழந்தை நல்லா விளையாடுதுங்கறதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, இந்த அளவுல வெளிய எதுவும் தெரியாது, பாதிப்பு படிப்புலயும் கவனத்துலயும் பின்னாடி தான் தெரியும்.

பெயிண்ட்_மேஸ்திரி:
நான் பெயிண்டிங் வேலை தான் பாக்குறேன். பழைய பெயிண்ட்டை காஞ்சபடி தேய்க்கவே கூடாது, தண்ணி தெளிச்சு ஈரமா தான் தேய்க்கணும், அப்பவும் குழந்தை வீட்ல இருக்கக் கூடாது. யாரோ செஞ்ச வேலை, இப்ப நீங்க கஷ்டப்படுறீங்க. சரி, இப்ப துடைப்பத்தை தொடாதீங்க, பெருக்கினா தூசி திரும்ப கிளம்பி எல்லா இடத்துலயும் உக்காரும், சாதா வேக்குவமும் அப்படித்தான். சோப்பு தண்ணில துணியை நனைச்சு துடைங்க, அலச வேற வாளி வச்சுக்கோங்க. ஜன்னல் கதவை திறந்து மூடும்போது சட்டத்துல உரசுற இடம் இருக்குல்ல, அந்த பள்ளத்துல கைய விட்டு பாருங்க, மாவு மாதிரி வரும், அங்க தான் நிறைய இருக்கும். உரிஞ்சு தொங்குற இடத்துல சரி பண்ற வரைக்கும் டேப் ஒட்டிடுங்க, அவ கட்டில ஜன்னல்கிட்ட போடாதீங்க.

குட்டிமா_அம்மா:
ரொம்ப நன்றிண்ணா, அக்கா. அவ கைய சானிடைசர் போட்டு தான் துடைக்கிறேன், போதுமா? தண்ணியையும் கொதிக்க வச்சு தான் குடுக்குறேன்.

லேப்_அக்கா:
சானிடைசர் ஈயத்தை எடுக்காதும்மா, சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவணும், சாப்பிடுறதுக்கும் தூங்குறதுக்கும் முன்னாடி கண்டிப்பா, பொம்மையையும் சேர்த்து. கொதிக்க வச்சாலும் ஈயம் போகாது, தண்ணி தான் வத்தும். பைப் பழசா இருந்தா தண்ணியையும் டெஸ்டுக்கு குடுத்துடுங்க. அப்புறம் இரும்புச்சத்து கம்மியா இருந்தா உடம்பு ஈயத்தை அதிகமா இழுக்கும், அதனால அதுக்கும் சேர்த்து டெஸ்ட் எழுதி கேளுங்க. வயித்தை காலியா விடாதீங்க, கால்சியம் உள்ளதா பாத்து குடுங்க. தூசி நின்னுட்டா ரத்தத்துல அளவு மெதுவா இறங்கும், ஆனா எலும்புல போய் தங்கினது சீக்கிரம் வராது, அதனால டாக்டர் சொல்ற தேதிக்கு மறுபடி டெஸ்ட் எடுக்க மறக்காதீங்க. வீட்ல வேற யாராவது கர்ப்பமா இருக்காங்களா? இருந்தா அவங்க இந்த துடைக்கிற வேலைக்கு வரவே வேண்டாம்.

பெயிண்ட்_மேஸ்திரி:
ஓனர் மிச்ச ஜன்னலுக்கு ஆள் அனுப்புறேன்னு சொன்னா, ஈரமா தேய்ப்பீங்களானு கேட்டுட்டு அப்புறம் உள்ள விடுங்க. அன்னைக்கு பாப்பாவை வேற எங்கயாவது விட்டுட்டு, எல்லாம் துடைச்சு முடிச்ச பிறகு தான் கூட்டிட்டு வாங்க.