டைவிங் வாட்ச்: டைட்டானியமா, ஸ்டீலா?

அலைவாய் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. டைவ் பெரும்பாலும் புதுச்சேரியில், வருடத்துக்கு ஒருமுறை அந்தமானின் ஹாவ்லாக் தீவு. ஆழம் 18 மீட்டருக்குள், எப்போதாவது 30. மற்ற நாட்களில் அதே வாட்ச்தான் ஆபீஸுக்கும்.

41 மி.மீ. அகலத்தில், 200 மீட்டர் வரை தண்ணீர் புகாது என்று எழுதிய வாட்ச் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஒரே மாடல் இரண்டு உலோகத்திலும் வருகிறது. செயினோடு ஸ்டீல் 165 கிராம், டைட்டானியம் 105. என் மணிக்கட்டுச் சுற்றளவு 16 செ.மீ. உப்புத்தண்ணீரில் எது நீடிக்கும்? டைட்டானியத்தில் சீக்கிரம் கீறல் விழும் என்கிறார்களே, உண்மையா? இன்னொன்று: ஸ்டீல் வாட்ச் கட்டினால் சித்திரை, வைகாசியில் பின்மூடி படுகிற இடம் சிவந்து அரிக்கிறது.

கிராம்கணக்கு

எடையில் இருந்து ஆரம்பிக்கலாம், 16 செ.மீ. கைக்கு அதுதான் பெரிய விஷயம். வாட்சுக்குப் பயன்படுத்தும் 316எல் ரக ஸ்டீலின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு சுமார் 8 கிராம், டைட்டானியம் 4.5. கேஸும் (வாட்சின் வெளிக்கூடு) செயினும் எடையில் 44 சதவீதம் குறையும். மெஷினும் கண்ணாடியும் இரண்டிலும் ஒன்றுதான், அதனால் மொத்த எடை பாதியாக வராது. நீங்கள் சொன்ன 60 கிராம் வித்தியாசம் கணக்குக்குச் சரியாக வருகிறது. தலை கனமான வாட்ச் சின்னக் கையில் உருண்டு வெளிப்பக்கம் சரியும். அதைத் தடுக்கச் செயினை இறுக்குவோம், இறுக்கினால் வியர்வை தேங்கும். உங்கள் அரிப்புக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

கீறல் விஷயத்தில் "டைட்டானியம்" என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த கிரேடு என்று கேளுங்கள். கிரேடு 2 கலப்பில்லாத டைட்டானியம். விக்கர்ஸ் அளவுகோலில் கடினம் 150 சொச்சம், ஏறக்குறைய ஸ்டீல் அளவுதான். கிரேடு 5-இல் 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம். கடினம் 340-350க்குப் போகும், நன்றாகப் பாலிஷும் ஏறும். டியூடர் கம்பெனியின் பெலகோஸ் டைவ் வாட்ச் கிரேடு 2-தான். ஆகவே கிரேடு 2 என்றால் மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாம்பல் நிற மேட் பரப்பில் மேசை விளிம்புக் கீறல் ஸ்டீலைவிடப் பளிச்சென்று தெரியும், அவ்வளவே.

சிட்டிசனின் டியூராடெக்ட் மாதிரி மேற்பரப்பைக் கடினப்படுத்திய மாடல்கள் தனி ரகம். சின்னக் கீறல் விழாது. ஆனால் கடினமான தோல் மெல்லியது, உள்ளே இருப்பது மென்மையான உலோகம். சிலிண்டர் வால்வில் பலமாக இடித்தால் தோலோடு சேர்ந்து குழி விழும். அதை அப்புறம் தேய்த்துச் சரிசெய்யவும் முடியாது.

மரைத்தச்சன்

உப்புத்தண்ணீருக்கு டைட்டானியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்டீல் எங்கே கெடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளியே தெரிகிற பரப்பு கெடுவதில்லை. 316எல்-இல் 16-18 சதவீதம் குரோமியம், 2-3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. காற்று படுகிற இடத்தில் அதன் ஆக்சைடு படலம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். காற்று புகாத இடுக்கில் உப்புநீர் தேங்கினால் குளோரைடு அந்தப் படலத்தை அரித்துவிடும். பின்மூடி ரப்பர் வாஷர் உட்காரும் பள்ளம், கிரவுன் (நேரம் வைக்கும் திருகு) அடிப்பக்கம், ஸ்பிரிங் பார் (பட்டையைக் கேஸோடு பிடிக்கும் கம்பி) துளை, செயின் மூட்டு, இவைதான் அந்த இடங்கள். மூடியைக் கழற்றி லென்ஸில் பார்த்தால் வாஷர் பள்ளத்தில் ஊசிமுனை அளவு கறுப்புக் குழிகள் வரிசையாக இருக்கும். அப்புறம் புது வாஷர் போட்டாலும் தண்ணீர் புகுகிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்டில் நிற்காது, அழுந்தி உட்காரச் சமதளமே இல்லை. கடல்நீர் வெப்பத்தில் டைட்டானியத்துக்கு இந்த வியாதி வராது.

டைட்டானியத்தின் பலவீனம் மரை. டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசினால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். பின்மூடியைக் கிரீஸ் இல்லாமல் உலர்வாகத் திருகினால் பாதியில் இறுகி நிற்கும். பலம் கொடுத்தால் மரை உரிந்து வரும். பேட்டரி மாற்றக் கொடுத்தாலும் "மரையைத் துடைத்துவிட்டு மெல்லிசாகக் கிரீஸ் போடுங்கள்" என்று சொல்லியே கொடுங்கள். கிரவுனும் அப்படித்தான். முதலில் லேசாக அழுத்தி இடப்பக்கம், அதாவது கழற்றும் திசையில் திருப்புங்கள். மரை ஆரம்பத்தில் விழும் சின்ன 'டிக்' விரலுக்குத் தெரியும். அதன் பிறகு வலப்பக்கம் திருகுங்கள். மணல் உரசுகிற உணர்வு இருந்தால் நிறுத்தி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத் தொடருங்கள். வாங்கும்போது ஒரு கேள்வி: கிரவுன் ட்யூப் (கிரவுன் திருகி உட்காரும் குழாய்) தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதா? மரை கேஸிலேயே வெட்டப்பட்டிருந்தால், கெட்ட அன்று முழுக் கேஸும் மாற்ற வேண்டும்.

பழையஇரும்பு

ஸ்டீலுக்காக நானும் கொஞ்சம் பேசுகிறேன். கழுவி வைத்தால் 316எல் பல பத்தாண்டு ஓடும். நல்ல பாலிஷ் ஆள் கிடைத்தால் பழைய ஸ்டீல் கேஸைப் புதுசு மாதிரி ஆக்கிவிடலாம். டைட்டானியத்தைப் பாலிஷ் செய்யப் பல கடைகளில் எடுக்க மாட்டார்கள். பஃப் சக்கரத்தில் உலோகம் ஒட்டி இழுபடும், தூசு தீப்பிடிக்கும். ஆழமான குழியை லேசர் வெல்டிங்கில் நிரப்ப ஆர்கான் வாயு மூட்டம் வேண்டும். டைட்டானியம் "கீறலைத் தானே ஆற்றிக்கொள்ளும்" என்பதும் பாதி உண்மைதான். ஆக்சைடு உடனே மூடும், கோடு அப்படியேதான் இருக்கும்.

புது மோகம் என்று சொல்ல வரவில்லை. சிட்டிசன் எக்ஸ்-8 வந்தது 1970-இல், சீக்கோவின் 600 மீட்டர் டைட்டானியம் டைவர் 1975-இல். ஆனால் 18 மீட்டர் டைவுக்கு உலோகம் தீர்மானிக்கிற விஷயமே இல்லை. தண்ணீர் புகுவது வாஷர் வழியாக. டைவ் வாட்சுக்கான தரநிர்ணயம் ஐஎஸ்ஓ 6425, அந்த முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன்படி ஒவ்வொரு வாட்சையும் எழுதியிருக்கிற அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சோதிப்பார்கள். எந்த உலோகம் வாங்கினாலும் ஹாவ்லாக் கிளம்பும் முன் ஒரு பிரஷர் டெஸ்ட் கட்டாயம்.

அலைவாய்

நன்றி. விசாரித்தேன்: கிரேடு 2, கோட்டிங் இல்லை, ட்யூப் கழற்றி மாற்றலாம். ஆனால் டைட்டானியம் மாடலிலும் பின்மூடி ஸ்டீல்தானாம். கேஸ் மரையும் மூடி மரையும் வேறு வேறு உலோகம் என்றால் பிடித்துக்கொள்ளாது அல்லவா?

மரைத்தச்சன்

கடிப்பது குறையும், அறவே போகாது. கிரீஸ் வேண்டும். ஆனால் உங்கள் தோலுக்கு இது முக்கியமான செய்தி. நீங்கள் அரிப்புக்காக டைட்டானியம் வாங்கினால், அரிக்கிற அதே இடத்தில் படுவது பழையபடி ஸ்டீல். 316எல்-இல் 10-14 சதவீதம் நிக்கல் உண்டு. உலோகத்துக்குள் கட்டுண்டு கிடப்பதால் வெளிவருவது மிகக் குறைவு, ஆனாலும் நிக்கல் ஒவ்வாமை உள்ள சிலருக்கு வியர்வையோடு அதுவே போதும். ஜீன்ஸ் பொத்தான், கவரிங் நகை பட்டாலும் சிவக்கிறதா? அப்படியானால் தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட் எடுத்துவிட்டு, பின்மூடியும் கொக்கியும் டைட்டானியமாக உள்ள மாடலைத் தேடுங்கள். வாட்ச் கட்டும் இடத்தில் மட்டும், அதுவும் கோடையில் மட்டும் என்றால் பெரும்பாலும் தேங்கிய வியர்வையும் சோப்பும். செயினை ஒரு கண்ணி தளர்த்தி, தினமும் பின்பக்கத்தைக் கழுவிப் பதினைந்து நாள் பாருங்கள்.

கிராம்கணக்கு

எடைக்காக மட்டும் என்றாலும் உங்கள் கைக்கு டைட்டானியமே என் ஓட்டு. டைவுக்குச் செயின் வேண்டாம். இறங்க இறங்க வெட்சூட் நியோப்ரீன் நசுங்கும், மேலே இறுக்கமாக இருந்த பட்டை 20 மீட்டரில் தொளதொளவென்று சுற்றும். சீக்கோ 1975 மாடலில் ரப்பர் பட்டையில் மடிப்பு மடிப்பாக வைத்தது இதற்காகத்தான். மடிப்புள்ள ரப்பர் அல்லது பின்பக்கமாக ஒரே துண்டாகப் போகும் நைலான் பட்டை போடுங்கள். நைலானில் ஒரு ஸ்பிரிங் பார் போனாலும் வாட்ச் மற்றதில் தொங்கும்.

கரையேறியதும் கிரவுன் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நல்ல தண்ணீரில் 10-15 நிமிடம் ஊறவைத்து, தண்ணீருக்குள்ளேயே பெசலை (கண்ணாடியைச் சுற்றியுள்ள திருப்பும் வளையம்) இரண்டு சுற்று சுற்றுங்கள். மெல்லிய டூத் பிரஷால் லக் (பட்டை மாட்டும் கொம்பு) இடுக்கைத் தேயுங்கள். வெந்நீர் வேண்டாம். ஸ்பிரிங் பாரை வருடம் ஒருமுறை மாற்றுங்கள். கேஸ் டைட்டானியமாக இருந்தாலும் பார் பெரும்பாலும் ஸ்டீல்தான், உப்பில் முதலில் போவது அதுவே.